இண்டிஜினஸ்: பழங்குடியா, தொல்குடியா?

டொராண்டோவில் கல்லூரி விழா என்றால், பெரும்பாலும் முதலில் ஒருவர் எழுந்து ஒரு குறிப்பை வாசிப்பார். இது ஐரோப்பியர் வருமுன்பே இங்கு வாழ்ந்த அனிஷினாபே, ஹோடனோஷோனி, வெண்டாட் மக்களின் நிலம், மிசிசாகா மக்களோடு 1805இல் செய்த 13ஆம் ஒப்பந்தத்துக்கு உட்பட்டது என்று அது போகும். அதில் வரும் 'இண்டிஜினஸ்' (indigenous) என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டதும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு 'இந்தியன்' ஞாபகம் வந்துவிடும். இரண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

இந்தியா என்பது சிந்து நதியின் பெயரிலிருந்து வந்தது. இண்டிஜினஸுக்கு மூலம் லத்தீனின் 'இண்டிஜெனா'. 'இண்டு' என்றால் உள்ளே, கூட ஒட்டியிருப்பது பிறப்பைக் குறிக்கும் வேர். ஆக, அந்த மண்ணிலேயே பிறந்தவர். அமெரிக்கக் கண்டத்தின் அந்த மக்களை 'இந்தியர்' ஆக்கியது, 1492இல் ஆசியாவுக்கே வந்துவிட்டதாக நினைத்த கொலம்பஸின் குழப்பம். அதிலிருந்து வந்த 'ரெட் இந்தியன்' என்ற பெயரை நாமும் 'செவ்விந்தியர்' என்று மொழிபெயர்த்து வைத்துக்கொண்டோம். இன்று அது வசைச்சொல் மாதிரி. ஆனால் கனடாவில் 1876இல் வந்த 'இந்தியன் ஆக்ட்' என்ற சட்டம் மட்டும் இன்னும் அதே பெயரில் நடைமுறையில் இருக்கிறது!

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? நேர்ப்பொருள் பார்த்தால் 'மண்ணின் மைந்தர்'. அரசியல் மேடைகளில் அடிபட்டு அது வேறு தொனிக்குப் போய்விட்டது. 'பழங்குடி' நல்ல சொல்தான். குறள் 955, வறுமை வந்தாலும் பண்பில் குறையாத தொன்மையான குடும்பத்தைத்தான் 'பழங்குடி' என்கிறது. இன்றோ அந்தச் சொல்லைக் கேட்டால் தாலுகா அலுவலகச் சாதிச் சான்றிதழ்தான் கண்முன் வருகிறது. காடு, மலை, பின்தங்கியவர் என்ற எண்ணமும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. டொராண்டோ அடுக்குமாடியில் குடியிருக்கும் ஓர் அனிஷினாபே வழக்கறிஞருக்கு அது பொருந்தாது. 'பூர்வகுடி' பரவலாகப் புழங்குகிறது, தவறும் இல்லை. தனித்தமிழ் வேண்டுமென்றால் 'தொல்குடி'. நான் எழுதுவது அதைத்தான்.

கனடாவில் 'இண்டிஜினஸ்' ஒரே இனத்தின் பெயர் அல்ல. ஃபர்ஸ்ட் நேஷன்ஸ், மெட்டி (ஐரோப்பியரோடு கலந்து உருவானவர்கள்), இனுயிட் (வடதுருவப் பகுதியினர்) ஆகிய மூன்று பிரிவினருக்குமான பொதுப்பெயர். ஃபர்ஸ்ட் நேஷன்ஸுக்கு 'முதற்குடிகள்' சரிப்படும். மற்ற இரண்டையும் மொழிபெயர்க்காமல் அப்படியே விடலாம். இனுயிட்டுக்குப் பிறர் வைத்த பழைய பெயரான 'எஸ்கிமோ' வேண்டாம். அப்புறம், இனுயிட் என்றாலே அவர்கள் மொழியில் 'மக்கள்'. 'இனுயிட் மக்கள்' என்று எழுதினால் நம் 'நடு சென்டர்' கதைதான்.