ஆன் கிளேர்: திறந்த ஒளிபரப்பு

பிரான்சின் டபிள்யூ9 அலைவரிசையைத் தமிழில் ‘இலவச அலைவரிசை’ என்று எழுதிவிடுகிறோம். பிரெஞ்சில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. சந்தா கட்டாமல் பார்க்கக் கிடைப்பது ‘கிராத்துய்’. மறையாக்கம் (கார்டோ டிகோடரோ இல்லாமல் பார்க்க முடியாதபடி படத்தைக் குலைப்பது) இல்லாமல் வருவது ‘ஆன் கிளேர்’. இரண்டையும் ஒன்றாக்கினால், ஆன்டெனா வாங்குவதா டிஷ் வாங்குவதா என்ற இடத்தில் குழப்பம் வரும்.

‘கிளேர்’ லத்தீனின் ‘கிளாருஸ்’ என்பதிலிருந்து வந்தது. தெளிவானது என்று பொருள். சங்கேத மொழிக்கு மாற்றாமல் அப்படியே அனுப்பும் செய்தியை ‘ஆன் கிளேர்’ என்பார்கள். 1984 நவம்பரில் தொடங்கிய பிரெஞ்சுச் சந்தா அலைவரிசையான கனால் பிளஸ், டிகோடர் இல்லாத வீடுகளுக்குப் படத்தைக் குலைத்தே அனுப்பியது. எல்லோருக்கும் திறந்துவிட்ட சில மணி நேரங்களுக்கு இந்தப் பெயர் நின்றது.

டபிள்யூ9, எம்6 என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சிக் குழுமத்தின் இசை, பொழுதுபோக்கு அலைவரிசை. எம் எழுத்தையும் 6 என்ற எண்ணையும் தலைகீழாக்கினால் கிடைப்பதுதான் அதன் பெயர். பிரான்சில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கிய 2005 மார்ச் 31 அன்றே வந்தது. கூரை ஆன்டெனாவில் அது முழுக்க ஆன் கிளேர். ஆனால் செயற்கைக்கோள் சேவைகளான டிஎன்டிசாட் (ஆஸ்ட்ரா, 19.2° கிழக்கு), ஃபிரான்சாட் (5° மேற்கு) வழியாக டிஷ்ஷில் வரும்போது அதே அலைவரிசை மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். படங்களுக்கும் போட்டிகளுக்கும் உரிமை பிரான்சுக்குள் மட்டும் என்பதே காரணம். மாதச் சந்தா இல்லை. ஆனால் மறையாக்கத்தை விலக்கப் பெட்டியில் செருகும் கார்டு வேண்டும். டிஎன்டிசாட் கார்டு நான்கு ஆண்டில் காலாவதியாகும். அன்று திரை கறுத்தால் டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்துப் பயனில்லை.

ஆன்டெனா வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல். 2016 ஏப்ரல் 5 முதல் டபிள்யூ9 எம்பெக்-4 என்ற படச் சுருக்க முறையில் மட்டுமே வருவதால் பழைய எம்பெக்-2 பெட்டியில் படம் வராது. எம்6 தெரிந்து டபிள்யூ9 மட்டும் காணோம் என்றால் ஆன்டெனாவைத் தொட வேண்டாம். இரண்டும் ஆர்4 என்ற ஒரே தொகுப்பில், அதாவது ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்துதான் வருகின்றன. அலைவரிசைத் தேடலை மறுபடி ஓட்டினால் போதும்.

‘கிராத்துய்’க்குக் ‘கட்டணமில்லா’ என்பது சரி. ‘இலவசம்’ என்றால் நம் காதில் அரசு கொடுப்பது என்றே விழும். டபிள்யூ9 ஓடுவதோ விளம்பரக் காசில். ‘ஆன் கிளே’ருக்கு ‘மறையாக்கமில்லா’ துல்லியம்தான், தொழில்நுட்பக் குறிப்புகளில் இருக்கட்டும். மற்ற இடங்களில் ‘திறந்த ஒளிபரப்பு’ என்றே எழுதலாம். அப்படியானால் செயற்கைக்கோள் வழி வரும் டபிள்யூ9 ‘கட்டணமில்லா, ஆனால் மூடிய ஒளிபரப்பு’.