‘ஏற்கிறேன்’ அழுத்தும் முன்பே

ஆன்லைன் கடையில் ஒரு பொருளைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனாலும் கூடை காலியாவதில்லை. இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். ஆனால் இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபிக்கு ஞாபகசக்தியே கிடையாது. வரும் ஒவ்வொரு கோரிக்கையும் அதற்கு முன்பின் தெரியாத ஆளுடையதுதான். இந்த மறதிக்கு 1994-இல் பிரவுசர் நிறுவனமான நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மொன்டுலி கண்டுபிடித்த மருந்து குக்கி. அப்போது தேவைப்பட்டதும் ஆன்லைன் கூடைக்கு ஒரு வழிதான்.

சர்வர் பக்கத்தோடு சேர்த்து ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்தனுப்பும். ‘கூடை எண் 7841’ என்பதுபோல அதில் ஏதோ எழுதியிருக்கும். பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அதே தளத்துக்குப் போகும்போதெல்லாம் எடுத்து நீட்டும். அந்தச் சீட்டுதான் குக்கி. அவ்வளவுதான் விஷயம்.

வில்லங்கம் வேறு இடத்தில் தொடங்குகிறது. நீங்கள் நடத்தும் ஆன்லைன் கடையின் பக்கத்தில் ஒரு விளம்பர நிறுவனத்தின் பிக்சல் (கண்ணுக்குத் தெரியாத, கண்காணிப்புக்கான சிறு துண்டு) இருந்தால், பிரவுசர் அந்த நிறுவனத்தின் சர்வரையும் தட்டும். அதுவும் தன் பங்குக்கு ஒரு சீட்டைக் கொடுக்கும். அதே பிக்சல் ஆயிரம் தளங்களில் ஒட்டியிருந்தால், ஒரே சீட்டை வைத்து ஒருவர் எங்கெல்லாம் உலவினார் என்று கோத்துவிடலாம்.

இதற்குக் கடிவாளம் போட்டது ஐரோப்பிய ஒன்றியத்தின் இ-பிரைவசி உத்தரவு. 2002-இல் வந்தது, 2009-இல் இறுக்கப்பட்டது. அதன் 5(3) பிரிவில் ‘குக்கி’ என்ற சொல்லே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பயனரின் கருவியில் எதையும் சேமிப்பதற்கும், இருப்பதைப் படிப்பதற்கும் சம்மதம் வேண்டும் என்றுதான் இருக்கிறது. ஆகவே, குக்கியை விட்டுவிட்டு பிரவுசரிலேயே தகவலை வைக்கும் இன்னொரு வழியான லோக்கல் ஸ்டோரேஜுக்கு மாறினால் தப்பிக்கலாம் என்ற யோசனை எடுபடாது. பயனர் தானே கேட்ட சேவைக்குக் கட்டாயம் தேவைப்படுவதற்கு விலக்கு உண்டு. கூடை, லாகின் எல்லாம் அதில் அடங்கும். அவை மட்டுமே உள்ள கடைக்கு, ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’ என்று கேட்கும் பேனரே தேவையில்லை. எதை, எதற்காக வைக்கிறோம் என்று தனியுரிமைப் பக்கத்தில் சொல்லிவிட்டால் போதும். பேனர் விற்பவர்கள் இதை உரக்கச் சொல்வதில்லை.

எது சம்மதம் என்பதை 2018 மே 25 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் வரையறுக்கிறது. முன்கூட்டியே டிக் அடித்து வைத்த பெட்டி சம்மதமாகாது என்று 2019-இல் பிளானெட்49 வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுப்பதை ஏற்பதைவிடச் சிரமமாக்கியதற்காக, 2022 ஜனவரியில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அமைப்பான சிஎன்ஐஎல் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. கடை ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தாலும், அங்குள்ளவர்களைக் குறிவைத்து விற்றால் ஜிடிபிஆர் பொருந்தும்.

சின்னக் கடைக்காரர்கள் சறுக்கும் இடம் சட்டத்தின் நுணுக்கத்தில் இல்லை, ஸ்கிரிப்ட் ஓடும் வரிசையில் இருக்கிறது. பிரைவேட் விண்டோவில் உங்கள் கடையைத் திறங்கள். பேனர் வரும், எதையும் அழுத்த வேண்டாம். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் குக்கிப் பட்டியலைப் பாருங்கள். வருகையைக் கணக்கிடும் அனலிட்டிக்ஸ் குக்கியோ விளம்பரக் குக்கியோ அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தால், உங்கள் பேனர் வெறும் திரைச்சீலை. பிறகு ‘மறுக்கிறேன்’ அழுத்தி, பக்கத்தை ரீலோட் செய்து இன்னொரு முறை பாருங்கள்.

பெரும்பாலும் காரணம் இதுதான்: எப்போதோ யாரோ தளத்தின் வடிவமைப்பான தீமின் தலைப்பகுதியில் நேரடியாக ஒட்டிவைத்த பிக்சல் நிரல். பேனர் பிளகினுக்கு அது இருப்பதே தெரியாது. அந்த ஸ்கிரிப்டின் வகையை ‘வெற்று உரை’ (text/plain) என்று மாற்றிவைத்தால் பிரவுசர் அதை ஓட்டாது. சம்மதம் கிடைத்ததும் பேனரின் நிரல் அதை உயிர்ப்பிக்கும். பக்கத்தில் பதித்த வீடியோவும் சம்மதத்துக்கு முன்பே குக்கி வைக்கலாம் என்பதால், முதலில் ஒரு படத்தை மட்டும் காட்டி, சொடுக்கிய பின் வீடியோவை ஏற்றுவது நல்லது. பக்கத்தின் அடியில் ‘குக்கி விருப்பங்கள்’ என்று ஒரு இணைப்பும் வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது ஜிடிபிஆர்.

இதையெல்லாம் சரிசெய்த மறுநாள் அனலிட்டிக்ஸில் வருகை சட்டென்று சரியும். பதற வேண்டாம். மறுத்தவர்கள் கணக்கிலிருந்து மறைந்திருக்கிறார்களே தவிர, கடையை விட்டுப் போகவில்லை. எத்தனை ஆர்டர் வந்தது என்பது உங்கள் டேட்டாபேஸிலேயே இருக்கிறது; அதை எண்ண அனலிட்டிக்ஸ் குக்கி எதற்கு?