ஷெட்டுக்கு எந்த லைட்? பின்பக்கமாகச் சுற்றும் ஒரு நட்டின் கதை

காட்பாடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, காரை மகன் பெங்களூருக்கு எடுத்துப் போய்விட்டான், காலியாகக் கிடந்த 10 அடிக்கு 18 அடி ஷெட்டில் ஒரு மேசை, ஒரு வைஸ், உளி தீட்டும் சாணை மெஷின் ஒன்று, ஒரு சின்ன மர லேத் என்று போட்டுப் பட்டறையாக்கி வைத்திருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மரத்தில் பென்சிலால் போட்ட கோடு தெரியவில்லையாம். "இருக்கிற 9 வாட் பல்பைக் கழற்றிவிட்டு 50 வாட்டில் ஒன்று மாட்டினால் போதுமா சார்?"

போதாது. வாட் என்பது பல்பு எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்ற கணக்கு. எவ்வளவு வெளிச்சம் கொடுக்கிறது என்பதற்கு லூமன் என்று வேறு அளவு இருக்கிறது, பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அந்த வெளிச்சம் மேசை மேல் எவ்வளவு விழுகிறது என்பது லக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை லூமன். ஷெட் முழுக்க 300 லக்ஸ், கோடு போட்டு அறுக்கிற மேசையில் 500 லக்ஸுக்குக் குறையாமல் இருந்தால் வேலை நிம்மதியாக நடக்கும். உங்கள் ஷெட் ஏறக்குறைய 17 சதுர மீட்டர், 300-ஆல் பெருக்கினால் 5,000 லூமன் சொச்சம். ஆனால் லைட்டிலிருந்து கிளம்புகிறதெல்லாம் மேசைக்கு வந்து சேராது. சுவர் குடிக்கும், கூரை குடிக்கும், மரத்தூள் படிந்த கவர் குடிக்கும். பாதிதான் வருகிறது என்று வைத்துக்கொண்டு 10,000 முதல் 12,000 லூமன் வாங்குங்கள். 4 அடி நீள 20 வாட் எல்இடி பேட்டன் (டியூப் லைட் மாதிரி நீளமான விளக்கு) ஒன்று சுமார் 2,000 லூமன் தரும், ஆக ஐந்தாறு பேட்டன். உங்கள் 9 வாட் பல்பு கொடுப்பது 900 லூமன் அளவுக்குத்தான். லைட் வாங்குவதற்கு முன்னால் சுவருக்கும் கூரையின் உட்பக்கத்துக்கும் ஒரு கோட் வெள்ளை அடித்துவிடுங்கள், ஒரு பேட்டன் காசு மிச்சம்.

அதிகமாகத் தோன்றலாம். 60 வயதுக் கண்ணின் விழித்திரைக்கு 20 வயதுக் கண்ணுக்குப் போய்ச்சேரும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. கண்மணி சுருங்கிவிடுகிறது, லென்ஸ் மஞ்சள் பாரிக்கிறது. உங்கள் மகனுக்குப் போதுமான வெளிச்சம் உங்களுக்குப் போதாது, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் ஒரே லைட்டாக நடுக்கூரையில் மாட்டினால், மேசையைப் பார்த்து நிற்கும்போது லைட் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும், உங்கள் தலை நிழலிலேயே நீங்கள் ரம்பம் போடுவீர்கள். நீளமான பேட்டன்களைப் பரவலாகப் போடுங்கள், இரண்டு மட்டும் மேசையின் விளிம்புக்கு நேர் மேலே. மின்விளக்கு எந்த மூலையில் இருந்தால் லட்சுமி தங்குவாள் என்று என்னிடமே ஒருவர் வாஸ்து சொல்லியிருக்கிறார். வலது கைக்காரருக்கு இடது பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் கையின் நிழல் கோட்டின் மேல் விழாது. எனக்குத் தெரிந்த விளக்கு வாஸ்து இது ஒன்றுதான்.

சரி, இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

என்னிடமும் ஒரு சாணை மெஷின் இருக்கிறது. அதன் பக்கவாட்டு மூடி எப்போதோ போய்விட்டது (தப்புதான், மாட்ட வேண்டும்), அதனால் கல்லைப் பிடித்திருக்கும் ஆறு பட்டை நட்டு வெளியே தெரியும். போன வருஷம் மலிவாகக் கிடைத்தது என்று இரண்டு எல்இடி பேட்டன் வாங்கி மாட்டினேன். அன்று ராத்திரி சாணையைப் போட்டதும் சத்தம் ஏறியது, காற்று அடித்தது, ஆனால் நட்டு மட்டும் மெதுவாக, இரண்டு நொடிக்கு ஒரு சுற்று என்ற கணக்கில், பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உளியைக் கல்லில் வைத்து அழுத்தினேன். பின்பக்கச் சுற்று வேகமெடுத்தது! கையை எடுத்ததும் பழையபடி நிதானமானது. உளி தீட்டுவதை விட்டுவிட்டு அரை மணி நேரம் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைவது. ஒவ்வொரு அலையிலும் இரண்டு தடவை பூஜ்ஜியத்தைத் தொடுகிறது, ஆக நொடிக்கு 100 தடவை மின்சாரம் இல்லாத ஒரு கணம். பழைய குண்டு பல்பில் இது பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் இழை பழுக்கக் காய்ந்திருக்கும், அடுத்த அலை வருவதற்குள் ஆறாது. எல்இடி அப்படியில்லை. உள்ளே இருப்பது நீல வெளிச்சம் தரும் ஒரு சில்லு (2014-இல் நோபல் பரிசு வாங்கிக் கொடுத்ததே, அந்த நீலம்தான்), அதன் மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பாஸ்பர் பூச்சு. நீலமும் மஞ்சளும் கலந்து நமக்கு வெள்ளை. சில்லு மின்சாரம் நின்ற கணமே அணைகிறது, அந்தப் பூச்சும் ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடுகிறது. எனவே ட்ரைவர் என்கிற உள்சர்க்யூட்டில் ஒரு நல்ல கெபாசிட்டர் இருந்து, குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பதுபோல மின்சாரத்தைப் பிடித்து வைத்து அந்தப் பூஜ்ஜியக் கணத்தில் ஊற்ற வேண்டும். மலிவு பேட்டனில் கெபாசிட்டர் சின்னதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. லைட் நொடிக்கு 100 தடவை கண் சிமிட்டும். நம் கண்ணுக்கு அந்த வேகம் பிடிபடாது, தொடர்ந்து எரிவதாகவே நினைத்துக்கொள்ளும்.

இப்போது சாணை. அதன் மோட்டாரில் இரண்டு காந்த முனைகள், 50 சைக்கிளில் உள்ளே காந்தப்புலம் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. லைட் சிமிட்டுவது நொடிக்கு 100. ஆக ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் நடுவில் காந்தப்புலம் சரியாக அரைச் சுற்று. ஆறு பட்டை நட்டை அரைச் சுற்று திருப்பினால் எப்படி இருக்கும்? அப்படியேதான் இருக்கும், திருப்பியதே தெரியாது. ஆகவே நட்டு காந்தப்புலத்தோடு சேர்ந்தே சுற்றினால் அது அசையாமல் நிற்பதாகத் தெரிய வேண்டும். ஆனால் இண்டக்‌ஷன் மோட்டாரில் ரோட்டார் என்கிற சுழலும் பகுதி காந்தப்புலத்தைத் துரத்திக்கொண்டே இருக்குமே தவிர எட்டிப் பிடிக்காது. பிடித்துவிட்டால் இரண்டுக்கும் நடுவில் வேக வித்தியாசமே இல்லாமல் போய், ரோட்டார் கம்பியில் மின்சாரம் உண்டாகாது, இழுவையும் இருக்காது. இந்தப் பின்தங்கலைத்தான் ஸ்லிப் என்கிறோம். சும்மா ஓடும்போது 3,000-க்குப் பதில் 2,970 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) என்றால் நொடிக்கு அரைச் சுற்று பின்தங்கல், உளியை அழுத்தி 2,900-க்கு இறங்கினால் ஒன்றரைச் சுற்றுக்கு மேல். என் கண்ணுக்குப் பின்பக்கமாகச் சுற்றியது நட்டு இல்லை, அந்த ஸ்லிப்!

இதில் என்னைச் சொக்க வைப்பது என்னவென்றால், நம் கிரிட்டில், அதாவது ஊர் ஊராக மின்சாரம் கொண்டுவரும் கம்பி வலையில், 50 என்பது எப்போதும் அச்சு அசலாக 50 இல்லை, கொஞ்சம் ஏறும் இறங்கும். ஆனால் லைட்டும் மோட்டாரும் ஒரே கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கின்றன, கிணறு ஏறினால் இரண்டும் ஏறும், இறங்கினால் இரண்டும் இறங்கும். ஸ்லிப் மட்டும் மிச்சமாகக் கண்ணில் நிற்கும். இன்ஜினியரிங் காலேஜ் மெஷின்ஸ் லேபில் தண்டின் முனையில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த வட்டத்தை ஒட்டி, நியான் விளக்கு வெளிச்சத்தில் ஸ்லிப் எண்ணச் சொல்வார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதே சோதனையை ஒரு மட்டமான பேட்டன் எனக்கு இலவசமாகச் செய்து காட்டிவிட்டது. பழைய ரெக்கார்டு பிளேயர் தட்டின் விளிம்பில் 180 புள்ளி இருக்குமே, அதுவும் இதே வித்தைதான். 33⅓ ஆர்பிஎம்மில் தட்டு சரியாகச் சுற்றினால் நொடிக்கு 100 புள்ளி கடந்து போகும், 50 சைக்கிள் விளக்கின் கீழ் புள்ளிகள் நிற்கும்.

நட்டு வேடிக்கை. லேத் வேடிக்கை இல்லை. லேத்தில் மரத்தைக் கவ்விச் சுற்றும் தலைதான் சக், கவ்வும் பற்கள் ஜா. நான்கு ஜா வைத்த சக் 1,500 ஆர்பிஎம்மில் ஓடினால் நொடிக்கு 25 சுற்று, 25 பெருக்கல் 4 சரியாக 100. மூன்று ஜா என்றால் 2,000 ஆர்பிஎம். அந்த வேகத்தில் சக் நின்றுவிட்டதாகத் தெரியும். பக்கத்தில் வேறு மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் சத்தத்தை வைத்தும் கண்டுபிடிக்க முடியாது, கை தானாகப் போகும். குடியாத்தத்தில் மாமாவுக்குத் தெரிந்தவரின் லேத் பட்டறையில் டியூப் லைட் போட்ட புதிதில், "மெஷின் பின்னால சுத்துதுடா, இங்க என்னமோ இருக்கு" என்று ஒரு தொழிலாளி பயந்துபோய், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். பேய் டியூப் லைட்டின் சிமிட்டலில் இருந்தது. யாரோ விவரம் தெரிந்தவர் லேத் தலைமாட்டில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டதும் அது போய்விட்டது. எலுமிச்சம்பழத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, பயத்துக்குக் கைக்கு எட்டிய மருந்து அதுதான். இன்றைக்கு அந்தச் சாக்கு செல்லாது.

பெரிய ஆலைகளில் இன்னொரு அழகான வழி வைத்திருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து விளக்குகளை மூன்று ஃபேஸில் ஆளுக்கொன்றாக மாட்டிவிடுவது. மூன்று பெண்கள் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போடுகிறார்களே, அதுபோல ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறும், மேசையில் விழும் மொத்த வெளிச்சம் ஏறக்குறைய சமமாக நிற்கும். உங்கள் வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்தால் இது நடக்கும், ஆனால் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் 400 வோல்ட்டுக்கு மேல், எலக்ட்ரீஷியன் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியில் வாட் இருக்கும், லூமன் இருக்கும், சிமிட்டல் எவ்வளவு என்று நான் பார்த்த எந்தப் பெட்டியிலும் இல்லை. ஒவ்வொரு பாலிடெக்னிக்கிலும் ஒரு போட்டோடயோடும் (வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றும் சில்லு) ஆஸிலோஸ்கோப்பும் (அந்த ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) வைத்து, ஊர்க் கடையில் விற்கிற லைட்டையெல்லாம் மாணவர்களை அளக்கச் சொல்லி வெளியிடலாம், அதற்கு ஆகிற செலவு ஒரு விழா மேடைக்கு ஆகிற செலவுகூட இருக்காது. யார் கேட்கிறார்கள். அதுவரை பென்சில்தான். வேலூர் லாங் பஜாரில் ஒரு கடையில் பேட்டனை எரியவிட்டு, இருட்டான பக்கத்தைப் பார்த்து நின்று, பென்சிலை விசிறிபோல வேகமாக ஆட்டினேன். "இன்னா சார், மந்திரிக்கிறீங்களா?" என்றார் கடைக்காரர். அவரையே ஆட்டச் சொன்னேன். பென்சில் முனை நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போனால், சிமிட்டும் லைட்டில் 3 சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பத்துப் பென்சில் தனித்தனியாகத் தெரியும். நல்ல லைட்டில் புகைபோல ஒரே தீற்றல். முதல் பேட்டனில் விரல்விட்டு எண்ணினோம், மூன்றாவதில் தீற்றல், அதையே கட்டிக்கொடுத்தார். செல்போனில் ஸ்லோ மோஷன் எடுத்தும் பார்க்கலாம், பென்சிலுக்கு சார்ஜ் தேவையில்லை.

ஒன்று மறக்க வேண்டாம். அந்தக் கெபாசிட்டர்கள் சூட்டில் காயும், 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி என்பது பொதுக் கணக்கு. நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் ஷீட் கூரைக்கு அடியில் கையை வைத்துப் பாருங்கள், அப்புறம் பேட்டனைக் கூரையோடு ஒட்டி ஆணி அடிக்க மனசு வராது. ஒரு அடி கீழே சங்கிலியில் தொங்கவிடுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பென்சிலை ஆட்டிப் பாருங்கள், போன வருஷம் தீற்றலாகத் தெரிந்தது இந்த வருஷம் பல்வரிசையாகத் தெரிந்தால் கெபாசிட்டர் காய்ந்துவிட்டது.

நிறத்துக்கு 6,500 கெல்வின் நீலவெள்ளை வேண்டாம், 4,000 போதும். சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கு நூறுக்கு இத்தனை என்ற மதிப்பெண், 90 கிடைத்தால் நாலு காசு கூடக் கொடுத்து வாங்குங்கள். 80-இல் அடர்சிவப்பு செத்துப்போகும், தேக்குக்கு அடித்த பாலிஷ் பகலில் ஒரு நிறம், ராத்திரி ஒரு நிறம்.

வாசலுக்கும் ஒரு ஃப்ளட் லைட் கேட்டிருந்தீர்கள். போடுங்கள், ஆனால் முகம் தரையைப் பார்க்கட்டும். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது, 1977 மார்ச்சில் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது அங்கிருந்து 1 மீட்டர் தொலைநோக்கியில் அந்த நட்சத்திரத்தின் ஒளி சட்டென்று மங்கியதைப் பதிவு செய்தார்கள், யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று உலகம் கண்டுகொண்ட அதே இரவு. மலையைச் சுற்றி நாம் மேல்நோக்கித் திருப்பி வைக்கிற ஒவ்வொரு விளக்கும் அவர்கள் வானத்தைக் கொஞ்சம் வெளுக்க வைக்கிறது. 20 வாட் போதும், மேலே ஒரு தகரத் தொப்பி வைத்து மாட்டுங்கள்.