மெய்நிகர் காட்சி: முதியோருக்கான ‘விஆர்’ஐத் தமிழில் எப்படிச் சொல்வது?

வர்ச்சுவல் ரியாலிட்டி, சுருக்கமாக விஆர் என்றதும் பலருக்கும் இளைஞர்களின் விளையாட்டுதான் நினைவுக்கு வரும். நடமாட்டம் குறைந்து ஓர் அறைக்குள்ளேயே இருக்கும் முதியவருக்குக் கடற்கரையையோ, பிறந்த ஊரின் தெருவையோ காட்டவும் அதே கருவிதான் உதவுகிறது. விஆர் கண்ணாடிக்குள் இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட படங்கள் தெரியும். தலையைத் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்பும். அதனால் படம் பார்க்கிற நினைப்பு போய், அந்த இடத்திலேயே இருக்கிற உணர்வு வந்துவிடுகிறது.

‘வர்ச்சுவல்’ என்பதன் வேர் லத்தீனின் ‘விர்டூஸ்’; வலிமை, ஆற்றல் என்று பொருள். வடிவத்தில் அதுவாக இல்லாவிட்டாலும் விளைவில் அதுவேயாக இருப்பது என்ற பொருள் பின்னால் வளர்ந்தது. 1938இல் பிரெஞ்சு நாடகக் கலைஞர் அந்தோனென் ஆர்த்தோ, நாடக மேடை உருவாக்கும் உலகத்தைக் குறிக்க ‘வர்ச்சுவல் ரியாலிட்டி’ என்பதன் பிரெஞ்சு வடிவத்தைப் பயன்படுத்தினார். கணினித் துறையில் இந்தப் பெயரைப் பரப்பியவர் ஜேரன் லேனியர், 1980களில். தலையில் மாட்டும் கருவியோ அதற்கு முன்பே, 1968இல், கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லேண்ட் கையில் உருவாகிவிட்டது.

சரி, தமிழில்? இயற்பியல் பாடத்தில் ‘வர்ச்சுவல் இமேஜ்’ என்பதை ‘மாய பிம்பம்’ என்று படித்திருப்போம். அந்தப் பழக்கத்தில் சிலர் ‘மாய உலகம்’ என்கிறார்கள். முதியோர் பராமரிப்பில் அந்தச் சொல் வேண்டாம் என்றே சொல்வேன். மறதிநோய் உள்ள சிலருக்கு இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும். அதற்கு மாயத்தோற்றம் என்று பெயர். நோயின் அறிகுறிக்கும் மனமகிழ்ச்சிக்கான காட்சிக்கும் ஒரே சொல் இருந்தால் குடும்பத்தார் குழம்பிப்போவார்கள்.

பரவலாக வழங்கும் ‘மெய்நிகர்’ நல்ல சொல். நன்னூல் தரும் உவம உருபுகளில் ‘நேர நிகர அன்ன இன்ன’ என்று நிகரவும் உண்டு. ஆக, இது மெய்யல்ல, மெய்யைப் போன்றது என்பதைச் சொல்லே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. மெய் என்றால் உடம்பும்தான். காட்சி போலியானாலும், உயரமான பாறை விளிம்பைக் கண்டால் நெஞ்சு படபடப்பது நிஜம். ஆனால் ‘மெய்நிகர் உண்மை’ என்று சேர்க்கும்போது மெய், உண்மை என ஒரே பொருள் இரண்டு முறை வந்து நிற்கிறது. தொழில்நுட்பத்துக்கு ‘மெய்நிகர் நடப்பு’, முதியவர் பார்ப்பதற்கு ‘மெய்நிகர் காட்சி’ என்பது என் பரிந்துரை.

பலன் உண்டா? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வகம் 17 முதியோர் குடியிருப்புகளில் 245 பேரிடம் பார்த்தபோது, ஏறத்தாழ 80 சதவீதத்தினர் காட்சிக்குப் பிறகு மனம் தெளிந்ததாகச் சொன்னார்கள். வயது 65 முதல் 103 வரை. பார்வையும் செவியும் மங்கியவர்களிடம் ஆர்வம் குறைவாக இருந்தது. நியாயம்தான். இந்தக் கருவி முழுக்க நம்பியிருப்பதே அந்த இரண்டு புலன்களைத்தானே.

அப்புறம், நாம் நகர்வதாகக் கண் சொல்ல, உடம்பு அசையவில்லை என்று சமநிலையை உணரும் உள்காது சொல்லும்போது தலைசுற்றலும் குமட்டலும் வரும். அதனால் உட்காரவைத்தே காட்ட வேண்டும். காட்சி வேகமாக நகரக் கூடாது. சில நிமிடங்களே போதும். மெட்டா குவெஸ்ட் 2 போன்ற கருவி சுமார் அரைக் கிலோ எடை. கழுத்து வலி உள்ளவருக்கு அது பாரம். மாயத்தோற்றம் வருகிறவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் மாட்டிவிடக் கூடாது.

மாட்டும் முன் அவர்களிடம் கலைச்சொல் எதுவும் பேசத் தேவையில்லை. “அம்மா, இதைப் போட்டா கடல் தெரியும். கழட்டிட்டா நம்ம ரூம்தான். நான் பக்கத்துலயே இருக்கேன்” என்று சொல்லி, வேண்டாம் என்றால் உடனே விட்டுவிடுங்கள்.