ஹல்லென்கிர்ஹே: தமிழில் ‘கூடக்கோயில்’

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் டிங்கெல்ஸ்பூல் என்றொரு மதில் சூழ்ந்த சிறு நகரம் இருக்கிறது. அதன் நடுவே நிற்கும் புனித ஜார்ஜ் கத்தோலிக்கப் பங்குக்கோயிலைப் பற்றிய எந்தக் குறிப்பை எடுத்தாலும் ‘ஹல்லென்கிர்ஹே’ என்ற சொல் தொடக்கத்திலேயே வந்துவிடும். கடைசி எழுத்து ஷவுக்கும் ஹவுக்கும் இடைப்பட்ட ஒலி. தமிழில் ‘ஹே’ என்று எழுதினால் போதும்.

இதை ‘ஹால் சர்ச்’ என்று அப்படியே எழுதினால் வாடகை ஹாலில் நடக்கும் ஞாயிறு ஆராதனைதான் நினைவுக்கு வரும். ‘மண்டபத் தேவாலயம்’ என்றால் கோயிலை ஒட்டிய கல்யாண மண்டபம். இரண்டிலும் சொல்லின் உயிர் நழுவிவிடுகிறது. ஹல்லென்கிர்ஹே என்பது பெரிய கூடமுள்ள கோயிலைக் குறிக்கவில்லை. அது ஒரு குறுக்குவெட்டின் பெயர்: நடுக்கூடமும் இருபுறப் பக்கக்கூடங்களும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும் கோயில்.

‘ஹல்ல’ என்பது பழைய ஜெர்மானியச் சொல். மூடுதல், மறைத்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது; மேலே கூரை போட்ட இடம் என்பதே அதன் அடிப்பொருள். இன்றும் ஜெர்மன் பேச்சில் சந்தைக் கொட்டகைக்கும் விளையாட்டரங்குக்கும் அதே சொல்தான். ‘கிர்ஹே’ கிரேக்கத்தின் ‘கிரியக்கோன்’ என்பதிலிருந்து வந்தது. ஆண்டவருக்கு உரியது என்று பொருள். இரண்டையும் சேர்த்துக் கட்டடக்கலைக் கலைச்சொல்லாக்கியவர் கலை வரலாற்றாசிரியர் வில்ஹெல்ம் லூப்கே. அது நடந்தது 19ஆம் நூற்றாண்டின் நடுவில். இந்தக் கோயில்களைக் கட்டிய கொத்தர்கள் இச்சொல்லைக் கேட்டதே இல்லை. கட்டடம் பழையது, பெயர் புதியது.

இதற்கு எதிர்ச்சொல் பசிலிக்கா, குழப்பம் தொடங்குவதும் அங்கேதான். வேளாங்கண்ணி 1962இல் பசிலிக்கா ஆனது என்றால் அது திருத்தந்தை தந்த சிறப்புத் தகுதி. கட்டடத்தில் ஒரு செங்கல் கூட அதனால் மாறவில்லை. கட்டடக்கலையில் பசிலிக்கா வேறு. நடுக்கூடம் பக்கக்கூடங்களைத் தாண்டி உயர்ந்து நிற்கும். அப்படி உயர்ந்த சுவரில், பக்கக்கூடக் கூரைக்கு மேலே, ஒரு சாளர வரிசை இருக்கும். வெளிச்சம் அந்த மேற்சாளரங்கள் வழியே நேராக நடுக்கூடத்தில் இறங்கும். ஹல்லென்கிர்ஹேயில் அந்தச் சுவருக்கே இடமில்லை. தூண் எழும்பும், வளைவு விரியும், அதற்கப்பால் அதே உயரத்தில் பக்கக்கூடத்தின் வளைகூரை.

டிங்கெல்ஸ்பூல் கோயிலுக்குள் நின்றால் இது உடனே புரியும். கட்டுமானம் 1448இல் தொடங்கி 1499இல் முடிந்தது. தொடங்கியவர் தலைமைக் கொத்தர் நிக்கோலவுஸ் எசெலர், முடித்தவர் அதே பெயர் கொண்ட அவர் மகன். நீளம் சுமார் 77 மீட்டர், அகலம் சுமார் 22 மீட்டர், உட்புற உயரம் சுமார் 21 மீட்டர். அகலமும் உயரமும் கிட்டத்தட்டச் சமம் என்பதைக் கவனியுங்கள். பலிபீடப் பகுதியும் தனியாகத் தாழாமல், கூடத்தின் அதே உயரத்திலேயே தொடர்ந்து சென்று வளைந்து முடிகிறது. மேலே வலை பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும், விலா எலும்பு போன்ற கல்வரிகள் கொண்ட வளைகூரை.

இது எப்படி நிற்கிறது? வளைகூரை கீழே மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். பசிலிக்காவில் நடுக்கூட வளைகூரை தள்ளும் உயரத்தில் பக்கத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. அதனால்தான் கோதிக் என்னும் இடைக்காலக் கூர்வளைவுப் பாணியில் எழுந்த பெரிய பசிலிக்காக்களில் பக்கக்கூடக் கூரையைத் தாண்டி வெளியே கல் வளைவுகளைப் பாய்ச்சி முட்டுக் கொடுத்தார்கள். ஹல்லென்கிர்ஹேயில் ஒரே தூணை நடுக்கூட வளைகூரை வெளிப்பக்கமாகவும் பக்கக்கூட வளைகூரை உட்பக்கமாகவும் தள்ளுகின்றன. ஒரே கதவை இரண்டு பேர் இரண்டு பக்கமிருந்தும் தள்ளினால் கதவு நகராது அல்லவா, அந்தக் கணக்கு. தூணுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் நேர்ச்சுமைதான். ஆகவே தூணை ஒல்லியாக்கலாம். பக்கக்கூடம் குறுகலாக இருந்தால் அதன் தள்ளுவிசையும் குறையும். மிச்ச விசை பக்கக்கூடத்தைக் கடந்து வெளிச்சுவருக்குப் போகும். அதைத் தாங்கவே வெளிச்சுவரை ஒட்டி முட்டுத்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. வெளியே பாயும் அந்தப் பறக்கும் வளைவுகள் தேவையில்லை.

இதற்கு விலையும் உண்டு. வெளிச்சுவர்கள் முழு உயரத்துக்கு எழ வேண்டும். அவை சிறிது வெளியே சாய்ந்தாலும் வளைகூரையின் உச்சியில் நீளவாக்கில் விரிசல் விடும். மேற்சாளரம் இல்லாததால் வெளிச்சம் முழுவதும் பக்கச் சுவர்களிலிருந்தே வர வேண்டும். சாளரங்கள் நெட்டையாக இருந்தும் நடுக்கூடத்தின் மேற்பகுதி சற்று மங்கலாகத்தான் இருக்கும். மூன்று கூடங்களுக்கும் சேர்த்து ஒரே செங்குத்தான கூரை போட்டால் மரச்சட்டம் மலைபோல் வேண்டும், காற்றும் அதில் பலமாக மோதும். அதைத் தவிர்க்க ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் குறுக்குக்கூரை போட்டால், இரண்டு கூரைகள் சந்திக்கும் பள்ளத்தில் மழைநீரும் பனியும் தேங்கி ஒழுகும்.

டிங்கெல்ஸ்பூலில் கிட்டே போய்ப் பார்க்க வேண்டியது ஒரு சாளரம். கோதிக் சாளரங்களின் மேல்வளைவில் கல்லைச் செதுக்கிப் பின்னிய வேலைப்பாடு இருக்கும். இங்கே ஒன்றில் அந்தக் கற்பின்னல் பிரெட்செல் வடிவில் இருக்கிறது. முறுக்குபோல் மடித்துச் சுடும் அந்த ரொட்டி அங்கே ரொட்டிக்காரர்களின் அடையாளம். சாளரத்துக்குப் பணம் கொடுத்தது ரொட்டிக்காரர் சங்கம். வணிகரும் கைவினைஞரும் காசு போட்டுக் கட்டிய நகரக் கோயில்களுக்கு இந்த வடிவம் பிடித்துப்போனதில் வியப்பில்லை: ஒரே வெளி, பல பீடங்கள், பிரசங்கம் கேட்கக் கூட்டம் நிற்க இடம். காசு அதற்குமேல் நீளவில்லை போலும். திட்டமிட்ட பெரிய கோபுரம் எழவே இல்லை. முந்தைய கோயிலின் ரோமனெஸ்க் (கோதிக்குக்கு முந்தைய பாணி) கோபுரமே மேற்கு வாசலில் இன்றும் நிற்கிறது.

முப்பதாண்டுப் போரை முடித்த 1648இன் வெஸ்ட்பாலியா உடன்படிக்கைக்குப் பின் இந்த நகரில் கத்தோலிக்கருக்கும் லூத்தரன்களுக்கும் சம உரிமை வந்தது. புனித ஜார்ஜ் கத்தோலிக்கரிடமே இருக்கிறது. இன்று அவுக்ஸ்புர்க் மறைமாவட்டத்துப் பங்கு. பக்கத்து ஊரான நோர்ட்லிங்கெனிலும் ஒரு புனித ஜார்ஜ், அதுவும் ஹல்லென்கிர்ஹே, மூத்த எசெலர் அங்கும் வேலை பார்த்தவர். ஆனால் அது லூத்தரன் கோயில். குறிப்பு எழுதும்போது ஊர்ப்பெயரை விட்டுவிட்டால் இரண்டும் கலந்துவிடும். டிங்கெல்ஸ்பூல்காரர்கள் தங்கள் கோயிலை ‘முன்ஸ்டர்’ என்றும் சொல்வார்கள். அது துறவுமடம் என்ற இலத்தீன் சொல்லின் திரிபு என்றாலும் இது எந்த மடத்தின் கோயிலும் அல்ல. ‘மடக்கோயில்’ என்று பெயர்க்காமல் முன்ஸ்டர் என்றே விடுவது நல்லது.

இனித் தமிழ்ச்சொல். ‘கிர்ஹே’க்குக் கோயில் பொருத்தம், தமிழ்க் கத்தோலிக்கர் வாயில் புழங்கும் சொல்லும் அதுதான். (சொல்லுக்குச் சொல் பார்த்தால் கோயில் இன்னும் நெருங்குவது பசிலிக்காவுக்கு: அது கிரேக்கத்தில் அரசனின் கூடம், இது கோவின் இல்.) அமைப்பை முன்னால் வைத்துக் கோயிலுக்குப் பெயரிடுவதும் நமக்குப் பழக்கமே. அப்பர் தேவாரத்தில் கரக்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் என்று வகைப்பெயர்கள் அடுக்கி வருகின்றன. அந்த வரிசையில் ‘கூடக்கோயில்’ இயல்பாக உட்காருகிறது. ஒரு சங்கடம் உண்டு: விமானத்தின் மேல் வரிசையில் வரும் சதுரச் சிற்றுருவுக்கும் சிற்பநூலார் ‘கூடம்’ என்றே சொல்கிறார்கள். அதோடு, கூடம் என்ற சொல்லில் சம உயரம் தானாக வராது. ஆகவே முதல் இடத்தில் ‘சமவுயரக் கூடக்கோயில்’ என்று முழுதாக எழுதி, பிறகு ‘கூடக்கோயில்’ என்று சுருக்குவதே சரி.

உறுப்புகளின் பெயரையும் எழுத்துக்கு எழுத்து பெயர்க்கக் கூடாது. ஜெர்மனில் கூடத்துக்குக் ‘கப்பல்’ என்று பெயர், கூடத்தின் நீளத்தில் அடுத்தடுத்த இரண்டு தூண் இணைகளுக்கு இடைப்பட்ட பகுதிக்கு ‘நுகம்’. நடுக்கப்பலும் ஒன்பது நுகங்களும் தமிழில் சிரிப்பைத்தான் வரவழைக்கும். நடுக்கூடம், பக்கக்கூடம், அங்கணம் என்று எழுதலாம். நடுக்கூடம் சற்றே உயர்ந்து, ஆனால் மேற்சாளரம் இல்லாமல் இருந்தால் அது ‘ஷ்டாஃபெல்ஹல்ல’, படிக்கூடக்கோயில். தூணே இல்லாத ஒற்றை அறை ‘சால்கிர்ஹே’, ஒற்றைக்கூடக்கோயில். வெளியே ஒரே கூரை தெரிகிறது என்பதை மட்டும் வைத்துக் கூடக்கோயில் என்று தீர்மானிக்காதீர்கள். இம்மூன்றுக்கும் அப்படி அமையலாம். உள்ளே நடுவில் நின்று, தூண்களை இணைக்கும் வளைவுக்கு மேலே பாருங்கள். அங்கே சாளரம் வைத்த சுவர் இருந்தால் பசிலிக்கா வடிவம். வளைவு முடிந்ததும் வளைகூரையே தொடங்கினால் கூடக்கோயில்.

பவேரியாவிலேயே லாண்ட்ஸ்ஹூட் நகரத்துப் புனித மார்ட்டின் பங்குக்கோயில், சுமார் 130 மீட்டர் உயரச் செங்கல் கோபுரத்துக்குப் பேர்போனது. வடிவத்தில் அது ஹல்லென்கிர்ஹே. 2001இல் அதற்குப் பசிலிக்கா தகுதி கிடைத்தது. அதன் படத்துக்குக் கீழே ‘பசிலிக்கா தகுதி பெற்ற கூடக்கோயில்’ என்று எழுதினால் இரண்டு உண்மையும் ஒரே வரியில் அடங்கிவிடும்.