'ஒய்' தென்படாவிட்டால் பெண்ணா?

கர்ப்பிணியின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏவும் மிதக்கிறது என்பதை 1997இல் டென்னிஸ் லோவும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். சரியாகச் சொன்னால் அது நஞ்சுக்கொடியின் செல்கள் மடியும்போது சிதறும் துணுக்குகள். பத்தாவது வாரத்தையொட்டி, தாயின் பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதியில்) உள்ள டிஎன்ஏ துணுக்குகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்படி வந்தவையே.

ஆண்களிடம் இருக்கும் ஒய் குரோமோசோம் தாயிடம் கிடையாது. ஆகவே அவள் ரத்தத்தில், ஒய்யில் இருக்கும் எஸ்ஆர்ஒய் என்ற மரபணுவின் துண்டு தென்பட்டால் கரு ஆண். தென்படாவிட்டால் பெண் என்று எழுதிவிடுகிறார்கள். இங்கேதான் சற்று நிற்க வேண்டும். 'ஆண்' என்பது கண்டு சொன்னது. 'பெண்' என்பது காணாததை வைத்து ஊகித்தது. அவசரப்பட்டு முன்கூட்டியே ரத்தம் எடுத்து, கருவின் டிஎன்ஏ போதாமல் போனாலும் அதே 'இல்லை'தான் வரும். நல்ல ஆய்வகங்கள் கருவின் டிஎன்ஏ அளவைத் தனியே பார்த்து, குறைந்தால் முடிவே தருவதில்லை. (எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: வீட்டில் விரல்நுனியில் ரத்தம் எடுக்கும்போது பக்கத்திலிருக்கும் ஆணின் டிஎன்ஏ ஒட்டிக்கொண்டால் போதும்.)

ஆண்பிள்ளைதான் வேண்டும் என்று நிற்கும் குடும்பம் கருக்கலைப்பில் இறங்குவது, ஊகத்தால் வந்த அந்தப் பதிலைக் கேட்டுத்தான். தவறே நேராத சோதனை வந்தால் சரியாகிவிடுமா? எனக்கு அது இன்னும் அச்சமூட்டுகிறது. ஸ்கேனில் பாலினம் தெளிவாகத் தெரிய நான்கு மாதமாவது ஆகும். அதற்குள் அவள் கர்ப்பம் என்பது நாலு பேருக்குத் தெரிந்துவிடும். ஏழு முதல் பத்து வாரத்துக்குள் பதில் வந்தால், மாத்திரையிலேயே கலைத்துவிடலாம். ஏன் கலைத்தாள், யார் நெருக்கினார்கள் என்று கேட்க ஆளிருக்காது.

இயல்பாக 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. தென்கொரியாவில் 1990இல் அது 116ஐத் தாண்டியது. அப்போது இந்த ரத்தப் பரிசோதனையே கிடையாது.

அதற்காக முழுத்தடை போடவும் முடியாது. ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத, பெரும்பாலும் ஆண்களையே தாக்கும் பரம்பரை நோய்) மரபணுவைச் சுமக்கும் தாய்க்கு, கரு பெண் என்று தெரிந்தால் கருப்பையில் ஊசி செலுத்திச் செய்யும் சோதனை பெரும்பாலும் தேவைப்படாது. அதனால் வரக்கூடிய கருச்சிதைவு அபாயமும் இல்லை. இத்தகைய நோய் அபாயம் இருந்தால் மட்டுமே பாலினத்தைச் சொல்லலாம் என்று பிரிட்டனின் நஃபீல்ட் உயிரி அறநெறிக் குழு 2017இல் பரிந்துரைத்தது. நியாயமான கோடுதான். ஆனால் கருவுக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற குரோமோசோம் குறைபாடு உள்ளதா என்று பார்க்க எடுத்த அதே ரத்தத்தில் ஒய் துணுக்குகளையும் கருவி எண்ணிவிடக்கூடும். தாய்க்குத் தரும் அறிக்கையில் அந்த வரியை விட்டுவிட்டாலும், விடை ஆய்வகத்தின் கணினியில் இருக்கும்.