எய்டட்: உதவியா, மானியமா, நல்கையா?

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் எந்த வீட்டிலும் இந்தக் கேள்விதான்: “மக்களே, சீட்டு எய்டட்லயா, செல்ஃப்லயா?” எந்தக் கல்லூரி என்பது அப்புறம். வீட்டில் எவ்வளவு பணம் புரட்ட வேண்டும் என்பது இந்தப் பதிலில் இருக்கிறது.

எய்டட் என்பது கல்லூரி முழுவதற்கும் பொருந்தும் அடைமொழி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தனியார் நிர்வாகம் நடத்தும் கல்லூரியில், அரசு அனுமதித்த பணியிடங்களுக்கு அரசே சம்பளம் தருகிறது. அந்த ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, தெ.தி. இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ், மார்த்தாண்டம் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி எல்லாமே அரசு உதவி பெறுபவைதான். ஆனால் இப்படிப்பட்ட கல்லூரிகளில் ‘செல்ஃப்’ எனப்படும் சுயநிதிப் பிரிவுகளும் கூடவே நடப்பது இன்று வழக்கம். ஒரே வளாகம், ஒரே பல்கலைக்கழகப் பட்டம். ஒரு வகுப்பில் பாடம் எடுப்பவருக்குச் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. பக்கத்து வகுப்பில் எடுப்பவருக்கு மாணவர் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. அதே படிப்பு, அதே வேலை, ஆனால் பின்னவர் கையில் கிடைப்பது மிகக் குறைவு. எய்டட் போஸ்ட்டுக்காகப் பட்டதாரிகள் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது இதனால்தான். ஆசிரியரின் முழுச் சம்பளத்தையும் தாங்கும் ஏற்பாட்டுக்கு ‘உதவி’ என்பது சின்னச் சொல் என்றே எனக்குப் படுகிறது.

சொல் வந்த வழி 1854. அந்த ஆண்டு லண்டனில் இந்திய நிர்வாகத்தைக் கவனித்த சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை ‘கிராண்ட்-இன்-எய்டு’ முறையைப் பரிந்துரைத்தது. எல்லாப் பள்ளிகளையும் அரசே நடத்த முடியாது. நடத்துபவருக்குப் பணம் கொடு, ஆய்வாளரை அனுப்பிப் பார், மத போதனையில் தலையிடாதே என்பது அதன் சாரம். குமரி அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு இணைந்தது. இன்று இங்குள்ள கல்லூரிகளுக்கு 1976-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் சட்டம் பொருந்துகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மானியம்’ வடமொழி ‘மான்ய’ வழி வந்தது. பழைய ஆவணங்களில் வரியில்லாமல் விட்ட நிலத்தைக் குறித்தது. இன்று உர மானியம், கேஸ் மானியம் என்று விலையில் ஒரு பங்கைத் தாங்குவதற்கே அதிகம் வழங்குகிறது. ‘உதவித்தொகை’ மாணவர் கைக்கு வருவது, கல்லூரிக்குப் போவதல்ல. ‘நல்கை’ தான் சரியாகப் பொருந்துகிறது. நல்குதல் என்றால் கொடுத்தல், அருளுதல்; சங்கப் பாடல்களில் புழங்கிய வினை. பல்கலைக்கழக மானியக் குழுவை நல்கைக் குழு என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

கல்விக்கு நல்குவது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் நிலம் மாற்றி வாங்கி, பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் 95 சட்டர் படிக்கும் சாலையும், அதாவது கல்விக்கூடமும், அமைத்ததைச் செப்பேடு சொல்கிறது. சட்டர் என்றால் மாணவர். எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை இடம் என்றுகூட அதில் கணக்கு உண்டு: 45, 36, 14. இன்றைய பணியிட அனுமதி ஆணையைப் படிப்பது போலவே இருக்கும். ஆனால் அந்தச் சாலை வேதம் ஓதும் பிராமணருக்கானது. இன்றைய நல்கை எல்லோருடைய வரிப்பணம். அரசு நிதியில் உதவி பெறும் நிறுவனம் மதம், இனம், சாதி, மொழி மட்டுமே காரணமாக யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 29(2). சிறுபான்மையினர் நடத்துகிறார்கள் என்பதற்காக உதவியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது 30(2). கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கும் ஊர்களில் இந்த இரண்டு பிரிவுகளையும் மாணவர்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

‘அரசு உதவி பெறும் கல்லூரி’ என்ற பெயர் ஊன்றிவிட்டது, அதை மாற்ற வேண்டியதில்லை. பணத்தை நல்கை என்போம். சேர்க்கை அறிவிப்பில் ஒவ்வொரு பாடத்துக்கும் நேராக ‘நல்கை பெறும் பிரிவு’, ‘சுயநிதிப் பிரிவு’ என்று கல்லூரிகள் தமிழில் போட்டுவிட்டால், விண்ணப்பம் வாங்க வரும் அப்பா யாரிடமும் கேட்காமலே கட்டணத்தைக் கணக்குப் போட்டுக்கொள்வார்.